கம்ப்ரஸர் நிற்கும் வரை

அன்பு மகளுக்கு,

நானும் உன் சித்தியும் நலம், என் கிடாரின் நாலு தந்தியும் நலம். நீ நலமாக இருப்பது நீ அனுப்பிய திட்டிலேயே தெரிந்தது, உடம்பு சரியில்லாதவள் அவ்வளவு நீளமாகத் திட்டமாட்டாள். சித்திக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, மாடிப்படியில் என்னைத் துரத்தும் அளவுக்கு. சமையலறைக் கூரை ஒழுகியதை நானே அடைத்தேன், இப்போது வேறு இடத்தில் ஒழுகுகிறது.

ஊரே சிரிக்கிறது, போதும் சித்தப்பா, கிடாரைக் கீழே வையுங்கள் என்று எழுதியிருந்தாய். வைக்க மாட்டேன். ஐந்து வயதிலிருந்து உன்னை வளர்த்த உரிமையில் சொல்கிறேன், நீ பார்த்த வீடியோ பாதியில் வெட்டியது. யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றாவது தெரிந்துகொள். எங்கள் 'பழைய டயர்' இந்த வட்டாரத்தின் முதல் ப்ளூஸ் ராக் குழு, இரண்டாவது இன்னும் பிறக்கவில்லை என்பதால் இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. டிரம்ஸ் அடிப்பவர் டயர்க்காரர், தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் அவருடைய பட்டறையில்தான் நாங்கள் வாசித்துப் பழகுவது, பெயரும் அங்கே கிடைத்ததுதான். லீட் கிடார் லைன்மேன், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம், மீதியைக் கிடார் பேசும், அவர் தந்தியை வளைத்து இழுத்தால் தெருநாய்கள் எழுந்து உட்காரும், நாலு தெரு தள்ளி ஒரு குழந்தை அழுகையை நிறுத்தியதாகவும் கேள்வி. பாடுவது பஸ் நிலையத்தில் அறிவிப்பு சொல்லும் அக்கா. பஸ் வராது என்று இருபத்தாறு வருஷம் சொன்ன தொண்டைக்குச் சோகத்தை யார் கற்றுத்தர வேண்டும். பேஸ் கிடார் நான். மற்றவர்களுக்கு ஆறு தந்தி தேவைப்படுகிறது, எனக்கு நாலு போதும். ப்ளூஸ் என்றால் என்ன என்று சித்தி கேட்டாள். ஒரு குறையை ஒரு வரியில் சொல்ல வேண்டும், யாரும் காதில் வாங்காவிட்டால் அதே வரியை மறுபடி சொல்ல வேண்டும், மூன்றாவது வரியில் பதிலையும் நாமே சொல்லிவிட வேண்டும் என்று விளக்கினேன். அதைத்தானே இந்த வீட்டில் நான் தினமும் செய்கிறேன் என்றாள்.

இப்போது அந்த வீடியோ. பட்டறையில் காற்றடிக்கும் கம்ப்ரஸர் இருக்கிறது, தானே ஓடும், தானே நிற்கும். அது ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அது நின்றதும்தான் பாட்டைத் தொடங்குவோம், இரண்டாவது சரணம் முடியும்போது சொல்லிவைத்தாற்போல் மறுபடி ஓடும், நாங்களும் நிறுத்திவிட்டுக் காத்திருப்போம். இரண்டு வருஷம் இப்படித்தான். போன மாதம் நூலகக் கூடத்தில் மூவாயிரம் பேர் முன்னால் வாசித்தோம். (சித்தி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து நூற்றிருபது நாற்காலிதான் என்கிறாள், நின்றவர்களை அவள் எண்ணவில்லை.) இரண்டாவது சரணம் முடிந்தது, நாலு பேரும் நிறுத்திவிட்டோம். டயர்க்காரர் முகத்தைத் துடைத்தார், லைன்மேன் தண்ணீர் குடித்தார், நான் ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்தேன். கூடத்தில் கம்ப்ரஸர் இல்லை என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. மைக் முன்னால் சும்மா நின்று பழக்கமில்லாத அக்கா, "பயணிகள் தயவுசெய்து காத்திருக்கவும்" என்று சொல்லிவிட்டாள். கூடம் சிரித்தது, வீடியோவும் அங்கே முடிகிறது. அதற்குப் பிறகு நடந்ததை யாரும் உனக்கு அனுப்பவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், எண்ணிக்கை சொல்லாமல், இல்லாத மெஷின் நின்ற அதே நொடியில் நாலு பேரும் விட்ட இடத்திலிருந்து ஒன்றாகப் பாட்டை எடுத்தோம், சிரித்த வாயெல்லாம் திறந்தபடியே நின்றது. இதில் நான் ஒரு சொட்டுகூடச் சேர்க்கவில்லை, சித்தியைக் கேள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை கூடத்தின் ஆண்டு விழா. அந்த இடைவெளியை எடுத்துவிட்டால் மேடை உண்டு, இல்லாவிட்டால் கிடையாது என்று செயலாளர் சொன்னார். சரி என்று கம்ப்ரஸரை அணைத்துவிட்டு ஒரு வாரம் பழகினோம். ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம், நாலு பேரும் நாலு பஸ்ஸில் ஏறினதுபோல் ஆனது. கடைசியில் லைன்மேன்தான் எழுந்துபோய்க் கம்ப்ரஸரைப் போட்டார். அன்றைய பத்து வார்த்தையில் நாலைச் செலவழித்தார். "அதுவும் நம்ம ஆளுதான், விடு." நானே செயலாளரிடம் போய் உங்கள் மேடையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பட்டறை ஷட்டரைத் தூக்கிவிட்டுத் தெருவைப் பார்த்து வாசிக்கப் போகிறோம், ஐந்தாவது ஆளும் சேர்ந்து.

நேரத்துக்குச் சாப்பிடு, கம்ப்யூட்டர் முன்னால் முதுகை வளைக்காதே, குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. நீ எடுத்த காரியத்தை யார் சிரித்தாலும் விடாதவளாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசீர்வாதம், சித்தியுடையதும் அதுவே. மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை ஃபோன் பண்ணு, சித்தி ஃபோனை எங்கள் பக்கம் நீட்டிப் பிடித்துக்கொண்டிருப்பாள். இரண்டாவது சரணம் முடிந்ததும் ஒரே இரைச்சலாகக் கேட்கும், எங்கள் பாட்டு கேட்காது. லைன் கெட்டுவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே. கம்ப்ரஸர் நிற்கும்வரை இரு. முதலில் எடுப்பவன் நான்தான்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா,
பேஸ் கிடார், 'பழைய டயர்'