முப்பதாயிரத்து முப்பத்தொன்றை நீ வகுத்தபோது

இன்று காலை ஜெயங்கொண்டம் பேருந்து நிலையத்தருகே எங்கிருந்தோ முந்திரிக்கொட்டை வறுக்கும் நெடி வந்தது. கண் எரிவதற்கு முன்பே நீ நினைவில் வந்துவிட்டாய்.

எழுபதுகளின் இறுதியில், என் கணவரின் தங்கையான நீயும் நானும் கொட்டை உடைக்கும் கொட்டகையில் அடுத்தடுத்து அமர்ந்திருந்தோம். தோட்டின் எண்ணெய் கையைப் புண்ணாக்காதிருக்கச் சாம்பல் பூசிக்கொள்வோம். அச்சாம்பலையே தரையில் பரப்பி விரலால் கணக்கு எழுதுவோம். பழைய தாள் கடையில் நான் வாங்கிய கணிதப் புத்தகமே நம் இருவருக்கும் பள்ளிக்கூடம்.

ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் பகா எண்களை அதில்தான் கண்டேன். இரண்டையும் மூன்றையும் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் ஏழு, பகா எண். ஐந்தையும் சேர்த்துப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் முப்பத்தொன்று. அதுவும் பகா எண். அடுத்தடுத்த பகா எண்களை மட்டும் சேர்த்துக்கொண்டே போக, பதினொன்று வரை இவ்விதமே அமைந்தது. ஆதலால் பதின்மூன்று வரை பெருக்கி ஒன்றைக் கூட்டக் கிடைக்கும் 30031-உம் பகா எண்ணே என்று, வகுத்துப் பாராமலேயே முடிவு கட்டினேன். பகா எண்களை முடிவின்றி உண்டாக்கும் விதியைக் கண்டறிந்த பெருமிதம் எனக்கு. "கொட்டை ஒடைக்கிற கைக்குக் கணக்கு எதுக்கும்மா?" என்று முன்பு சிரித்த கணக்கு ஆசிரியர் மறுநாள் முந்திரி வாங்க வருவார், அவரிடம் அதை அறிவிக்கத் தீர்மானித்தேன்.

மறுநாள் நீ சாம்பலைப் பரப்பினாய்.

"அண்ணி, கோச்சுக்காதீங்க. அது அம்பத்தொம்பதுல போவுது."

"போவாது."

"சோறு வடிக்கிற நேரம் பூரா வகுத்துப் பாத்துட்டேன். அம்பத்தொம்பத ஐநூத்தி ஒம்பதால பெருக்குங்க. அந்த எண்ணு நீங்க பெத்த புள்ளைன்னா வகுபடாம இருந்துடுமா?"

பெருக்கினேன். 30031 வந்தது. ஆசிரியர் வரும் நேரத்தில் என் விதி செத்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீயோ விடவில்லை.

"ரெண்டு, மூணு, அஞ்சு... பதிமூணு வரைக்கும் எதால வகுத்தாலும் ஒண்ணு மிஞ்சுதில்ல? அப்ப அத வகுக்குற பகா எண்ணு நம்மகிட்ட இல்லாத புதுசாத்தான இருக்கணும்? எத்தனயச் சேத்துப் பெருக்கினாலும் புதுசு ஒண்ணு வந்துக்கிட்டே இருக்கும் அண்ணி. முடிவே கெடையாது."

நான் இழந்ததைவிடப் பெரிய ஒன்றை என் முன் வைத்துவிட்டாய். ஆசிரியர் வந்ததும் அதையே சொன்னேன். நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"சரியான காரணம்தாம்மா. ஆனா இத ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னயே கண்டுபுடிச்சிட்டாங்க."

நான் சுருங்கிப்போனேன். நீ கை கொட்டிச் சிரித்தாய்.

"பாத்தீங்களா அண்ணி! அப்ப நாம போட்டது கரெக்ட்டு!"

நீ மறைந்து ஆண்டுகள் பல ஆகின்றன. என்னைத் தவறென்று எவரேனும் சொன்னால், இன்றும் முதலில் சினமே எழுகிறது. அதை அடக்கிக்கொண்டு, அன்று உன்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவர்களிடம் கேட்கிறேன்: "எதால வகுத்துப் பாத்தீங்க?"

அவர்கள் விளங்காமல் விழிக்கிறார்கள். விளங்கிச் சிரிக்க நீ இல்லை.