ஆறாத கரி

4.10, திங்கள்
வெயில். விருதுநகர் வரை பஸ்ஸில் நின்றபடி. லேபில் கரண்ட் இருந்தது, அதுவே பெரிசு.

அண்ணன் தன் பட்டாசுக் கம்பெனியிலிருந்து டின்னில் அடைத்துத் தந்த புதுக்கரியைச் சலித்துக் குழாயில் நிரப்பினேன். ஹீலியத்தை ஓடவிட்டு, ஊசியில் கொஞ்சம் ஆக்சிஜன். கரித்துகளின் துளைக்குள் வாயு எவ்வளவு மெதுவாகப் போய்த் திரும்புகிறதோ, மெஷின் கோடு போடும் தாளில் அவ்வளவு அகலமாக மேடு விழும். அந்த அகலத்தை அளப்பதுதான் என் ஆராய்ச்சி, என் பிழைப்பு எல்லாம்.

இன்று மேடு அகலம், ஆனால் குட்டை. போட்டதில் பாதிகூட வெளியே வரவில்லை. சார் எட்டிப் பார்த்து, எங்கேயோ லீக், ஒழுங்காக அடை என்றார். சோப்புத் தண்ணீர் வைத்துப் பார்த்தாயிற்று, லீக் இல்லை. ஊசியைச் சுவரில் எறியலாம் போல வந்தது.

5.10, செவ்வாய்
போன மாதம் வாங்கித் திறந்தே கிடந்த பழைய கரி: ஆக்சிஜன் முழுக்கத் திரும்பியது. மறுபடி புதுக்கரி: விழுங்கிவிட்டது. ஆக, லீக் இல்லை. புதுக்கரி ஆக்சிஜனைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிடிக்கும்போது சூடு வரும். குழாயில் ஒரு கைப்பிடி, தெரியாது. மூட்டையாகக் குவித்தால் தானே பற்றிக்கொள்ளாதா?

பஸ்ஸில்தான் உறைத்தது. கம்பெனியில் அண்ணன் வெடிமருந்து கலக்கும் ரூமில் இதே கரி. வீட்டில் சொன்னேன். சிரித்தான். சீசனில் கரியை ஆறப்போட நேரம் ஏது, அரைத்த கையோடு கலக்கச் சொல்கிறாராம் போர்மேன். வெடிக்குத் தாள் சுற்றிக்கொண்டிருந்த அண்ணி மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

6.10, புதன்
லேபுக்குப் போகவில்லை. கம்பெனிக்கே போனேன். போர்மேன் செல்போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மூட்டைக்குள் கைவிட்டுப் பாருங்கள் என்றேன். கேட்டுக்கு வெளியே தள்ளினார். முழங்கைத் தோல் போனது. கல்லை எடுத்து எறிந்தேன். அவர் நெற்றியில் ரத்தம். எனக்கு வருத்தமே இல்லை.

அண்ணன் அத்தனை பேர் முன்னாலும் கன்னத்தில் அறைந்தான். "ஆர்டர் முடியுற நேரத்துல ஏஞ் சோத்துல மண்ணப் போடாத."

7.10, வியாழன்
காலை. வேலைக்குக் கிளம்பின அண்ணனை வாசலில் மறித்தேன். தலைமுடியைப் பிடித்து இழுத்தான். லேபில் வைத்தால் காணாமல் போகுமென்று பையிலேயே வைத்திருக்கும் சிலிண்டர் ஸ்பேனர் கையில் சிக்கியது. ஓங்கி அடித்தேன். வலது மணிக்கட்டு. முறிந்தது எனக்கே கேட்டது. அம்மா வாரியலால் என் முதுகில் விளாசினாள். அவனுக்கு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு. அவனுக்கு லீவு சொல்ல அண்ணி கம்பெனிக்குப் போனாள்.

மத்தியானம். வீட்டில் யாரும் என்னிடம் பேசுவதில்லை. சோறு நானே போட்டுக்கொண்டேன். யாரோ ஆள் வந்து வாசலில் அண்ணனிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். ஒன்றும் வெடிக்கவில்லை. என் கணக்குத்தான் தப்போ? வெடித்துத் தொலைத்தால் தேவலை என்றுகூடத் தோன்றுகிறது. அண்ணன்தான் வீட்டில் இருக்கிறானே.

மூன்றரை. கம்பெனிப் பக்கம் சத்தம். ஜன்னல் கண்ணாடி உதிர்ந்து மடியில் விழுந்தது. முதலில் வந்தது சந்தோஷம். சத்தியமாகச் சந்தோஷம்தான். நான் சொன்னது சரி.

அம்மா மாரில் அடித்துக்கொண்டு கத்தினாள். அதில்தான் எனக்கே தெரிந்தது. லீவு சொல்லப் போன அண்ணியை அண்ணன் இடத்தில் நிறுத்திக்கொண்டார்களாம். மத்தியானம் வந்த ஆள் சொன்னது அதுதான். என்னிடம் யாரும் சொல்லவில்லை.

அண்ணன் இடது கையால் கதவைத் திறந்தான். நானும் எழுந்தேன்.

"நீ வராத."