முன்பள்ளிச் சுவர் எனக்காகக் காத்திருக்க வேண்டாம்

தோகா, கட்டார்

அன்புள்ள அம்மா,

உங்கள் கால் வீக்கம் வற்றியதா? நான் நலம். இங்கே கறியில் உறைப்பே இல்லை. உறைப்புக்கு உங்கள் ஏச்சும் இல்லை.

நேற்று ஒரு பகிடி. சுவருக்கு மட்டம் பார்க்க, தண்ணீர் நிரப்பிய குழாயின் ஒரு நுனியை என்னிடம் தந்தார்கள். அப்பாவோடு நான் பிடித்த அதே மாதிரிக் குழாய். மறுநுனியிலிருந்து ஒரு நேபாளக்காரர் ஏதோ கேட்டார். நான் என்னையறியாமல், "சரி அப்பா!" என்று கத்திவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு முகம் கழுவப் போய் நெடுநேரம் திரும்பி வரவில்லை.

"அக்கராயனிலேயே மட்டமான மேசன் எங்கட அப்பாதான்" என்று நான் நக்கலடித்தால், "ஓமடா, மட்டம் பிழைக்காத மேசன்" என்பாரே! மண் சுமக்க வந்த மனிதர், பார்த்துப் பார்த்தே பழகி, ஊரில் பாதி வீடுகளைக் கட்டினார். கூலி கேட்காமல் தொடங்கிய முன்பள்ளி முடியுமுன் கண்ணை மூடிவிட்டார்.

மகன் வந்து முடிக்கட்டும் என்று ஊரார் அந்தச் சுவரை அப்படியே விட்டிருப்பதாகச் சொன்னீர்கள். எனக்கும் அதுதான் ஆசை, அம்மா. அப்பா வைத்த கடைசி வரிக்கு மேல் இன்னொருவர் கல் வைப்பதை நினைக்கவே முடியவில்லை. ஆனால் எனக்கு இன்னும் இரண்டு வருட ஒப்பந்தம் இருக்கிறது. மாரி வருகிறது, பிள்ளைகள் மரத்தடியில் நனையக்கூடாது. அப்பாவோடு வேலை செய்த செல்லக்கிளி மேசனையே கட்டச் சொல்லுங்கள்.

இதைக் கொண்டுவரும் கபிலன் அண்ணா லீவு முடிந்து திரும்பும்போது, அவரிடம் அப்பா உடுத்த சாரம் ஒன்று கொடுத்துவிடுங்கள். இங்கே ஏசி கடும் குளிர், போர்த்துக்கொள்ளத்தான். தோய்க்க வேண்டாம்.

சுவர் முடிந்ததும் படம் எடுத்து வையுங்கள். நானாகக் கேட்கும்வரை அனுப்பாதீர்கள்.

அண்ணா புறப்படுகிறார்.

உங்கள் துசிகரன்