சடையாண்டிக்குப் பிள்ளைகள் எத்தனை

ஜூன் 3, செவ்வாய்

அப்பாவோடு கிராம நிர்வாக அலுவலரிடம் போனேன். எங்கள் நிலத்தின் பட்டா இன்னும் அப்பாவின் தாத்தா சடையாண்டி பெயரில்தான் இருக்கிறது. அதை அப்பா பெயருக்கு மாற்றினால்தான் போர்வெல் மோட்டாருக்கு இலவச மின் இணைப்பு. பதினோரு வருடம் காத்திருந்து இப்போதுதான் நம் வரிசை எண் வந்திருக்கிறது. முப்பதாம் தேதிக்குள் தாள்களைக் கொடுக்காவிட்டால் போச்சு.

வம்சாவளி எழுதி வரச் சொன்னார். அப்பா பென்சிலோடு உட்கார்ந்து அழித்து அழித்து எழுதினார். எனக்குப் பொறுமை இல்லை. இலவசமாகக் குடும்ப மரம் வரைந்து தரும் வலைத்தளம் ஒன்றில் கால் மணி நேரத்தில் போட்டு முடித்தேன். சடையாண்டி: மலேயாவுக்குப் போனவர், 1943-ல் ஜப்பான்காரனின் ரயில் பாதை வேலையில் இறந்தார். ஒரே மகன் மாயாண்டி, என் தாத்தா. அவருக்கு இரண்டு மகன்கள்: சோலைமுத்து என் அப்பா, சடையாண்டி என் சித்தப்பா; தன் பங்குக்குக் கையெழுத்துப் போட ஒத்துக்கொண்டவர்.

ஜூன் 5, வியாழன்

தளத்திலிருந்து மின்னஞ்சல். நான் போட்ட சடையாண்டியும் வேறொருவர் போட்ட சடையாண்டியும் ஒரே ஆளாக இருக்கலாமாம். கூடவே அந்த வேறொருவரின் செய்தி. சகாயசெல்வி, மலேசியா, ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. 'தம்பி, உங்கள் கொள்ளுத்தாத்தா என் தாத்தாவாக இருக்கக்கூடும்.'

பட்டா வேலை தொடங்கிய மூன்றாம் நாள்! இதைத் தற்செயல் என்று நம்ப நான் என்ன பால்குடிப் பிள்ளையா?

ஜூன் 6

ஆதாரம் கேட்டேன். அங்கே ஒரு மாதா கோயிலின் அடக்கப் பதிவேட்டிலிருந்து ஒரு பக்கத்தை அனுப்பியிருக்கிறார். சடையாண்டி, ஞானஸ்நானப் பெயர் சவரிமுத்து. மனைவி இஞ்ஞாசியம்மாள், மகன் ஒருவர். இறப்பு 1968 மார்ச். பிறந்த ஊர் ரெட்டியார்சத்திரம், மதுரை ஜில்லா.

மாட்டினாள் என்று நினைத்தேன். எங்கள் ஊர் ரெட்டியார்சத்திரம் இருப்பது திண்டுக்கல் மாவட்டம். அப்பாவிடம் சொன்னால் சிரிக்கிறார். "ஏலே, திண்டுக்கல் ஜில்லா எம்பத்தஞ்சுலதானடா பிரிஞ்சுச்சு. இது தெரியாம நீயெல்லாம் ஊருக்குக் கேமரா மாட்டுற."

இஞ்ஞாசியம்மாள் என்ற பெயரைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. "அந்த மலேசியாப் பொம்பள கூடப் பேச்சு வச்சுக்காத." அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார்.

ஜூன் 7

படத்தைப் பெரிதாக்கி எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். ஒட்டு வேலை இல்லை. இணையத்தில் உள்ள இலவச ஆவணக் காப்பகத்தில் நானே தேடி அதே பக்கத்தை எடுத்தேன். 2016-ல் ஏற்றியது. சரி, பக்கம் உண்மை. ஆள்?

ஜூன் 9, திங்கள்

நேரடியாகக் கேட்டேன்: உங்களுக்கு என்ன வேண்டும்?

'அப்பாவுக்கு எழுபத்தேழு வயது. தன் தகப்பன் பிறந்த ஊரில் தனக்கென்று ஒருவராவது இருக்கிறாரா என்று தெரிய வேண்டுமாம். வேறொன்றும் இல்லை, தம்பி.'

வேறொன்றும் இல்லையாம். திருடன் முதல் நாளே திருட வருவதில்லை, வழி கேட்க வருவான். கண்காணிப்புக் கேமரா மாட்டுவதுதான் என் தொழில், எத்தனை பதிவு பார்த்திருக்கிறேன். அந்தம்மாவின் அப்பா சடையாண்டியின் மகன் என்றால் நிலத்தில் அவருக்கும் பங்கு. கையெழுத்து வேண்டும். முப்பதாம் தேதிக்குள் நடக்கிற காரியமா?

ஜூன் 15, ஞாயிறு

கொடைரோட்டில் சித்தப்பாவின் பேரனுக்குப் பெயர் வைக்கும் விசேஷம். அப்பா விளையாட்டாக, "பேசாம சடையாண்டின்னே வச்சிருவமா?" என்றார். சித்தி விடவில்லை. "ஏன் மாமா, ஒங்க தம்பி இன்னும் செத்த நாளு இருக்கட்டுமே. அம்புட்டு அவசரமா?"

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் வகையறாவில் தாத்தா உயிரோடு இருந்தால் பேரனுக்கு அவர் பெயரை வைக்க மாட்டார்கள், ஆயுசு குறையும் என்பார்கள். தாத்தா போய்விட்டார் என்றால் மூத்த பேரனுக்கு அந்தப் பெயர்தான். மாற்றமே கிடையாது.

சோற்றைப் பிசைந்தபடி கணக்குப் போட்டேன். கொள்ளுத்தாத்தாவுக்கு மூத்த பேரன் அப்பா. பிறந்தது 1961. சடையாண்டி 1943-லேயே செத்துப்போனவர் என்றால் அந்தப் பெயர் அப்பாவுக்கு அல்லவா வந்திருக்க வேண்டும்? ஏன் 1969-ல் பிறந்த சித்தப்பாவுக்கு?

1968 மார்ச் —

மாயாண்டித் தாத்தாவுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

ஜூன் 16

தோட்டத்தில் கேட்டேன். அப்பா வெங்காயத் தாளை அறுத்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கு ஏழு வயசு. மலேயாவுல இருந்து ஒரு லெட்டர் வந்துச்சு, இஞ்ஞாசியம்மாள்னு பேரு போட்டு. எங்கய்யா படிச்சிட்டு அடுப்புல போட்டாரு. மறுநா மொட்டை போட்டுக்கிட்டு வந்து நிக்கிறாரு. யாருக்குய்யான்னேன். பழனிக்கு நேத்திக்கடன்னு சொன்னாரு."

"அப்ப ஒங்களுக்குத் தெரியும்."

"தெரிஞ்சு? கப்பல்ல போயி கையெழுத்து வாங்கிட்டு வாரியா? தென்னம்பிள்ள அம்புட்டும் காஞ்சு நிக்கிது, கண்ணு தெரியலயா ஒனக்கு?"

"ஒரே வாரிசுன்னு எழுதுனா பொய்யிப்பா."

"அது ஒங்க தாத்தன் சொன்ன பொய்யி. நான் திருப்பிச் சொல்றேன், அம்புட்டுதான்."

இத்தனை நாளும் நான் யாரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்?

ஜூன் 18

சகாயசெல்வி: 'நலமா தம்பி? பதில் காணோமே.' பதில் போடவில்லை.

ஜூன் 20, வெள்ளி

கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வீட்டுக்கே வந்தார். "மலேயாவுல ஏதும் குடும்பம் இருந்துச்சா? வேற வாரிசு?"

அப்பா என்னைப் பார்த்தார். நேற்றுவரை அத்தனை உறுதியாக இருந்த மனுசன், ஏன் என்னைப் பார்க்க வேண்டும்?

நான்தான் சொன்னேன். "இல்ல சார். ஒரே மகன்." அச்சடித்த மரத்தையும் நீட்டினேன். "அருமையா போட்டிருக்கீங்களே தம்பி" என்று கோப்பில் சேர்த்துக்கொண்டார்.

ஜூன் 21

சகாயசெல்விக்கு எழுதினேன். 'தேதி பொருந்தவில்லை. எங்கள் சடையாண்டி 1943-ல் இறந்தவர். உங்கள் தாத்தா வேறு ஆள்.'

தளத்தில் அந்தப் பொருத்தத்தை நிராகரித்தேன். ஆதாரம் என்ன என்று கேட்டது. 'குடும்பத்தார் சொன்னது' என்று அடித்தேன். ஏற்றுக்கொண்டது.

ஆகஸ்ட் 12

இணைப்பு வந்துவிட்டது. மோட்டார் ஓடுகிறது. அப்பா வாய்க்காலில் கால் நனைத்து நின்றார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சகாயசெல்வியிடமிருந்து பதில்.

'மன்னித்துக்கொள்ளுங்கள் தம்பி. சம்பந்தமில்லாத குடும்பத்தைத் தொந்தரவு செய்துவிட்டேன். உங்கள் கிளையை எங்கள் மரத்திலிருந்து எடுத்துவிட்டேன். உங்களைப் போல ஒளிவு மறைவில்லாமல் சொல்கிறவர்கள் குறைவு. அடுத்த மாதம் அப்பாவை அழைத்துக்கொண்டு ரெட்டியார்சத்திரம் வருகிறோம். வீடு வீடாக விசாரிக்கலாம் என்கிறார். அந்தப் பக்கம் வேறு சடையாண்டி குடும்பம் ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள்.'

எந்தத் தேதி என்று மட்டும் கேட்டு அனுப்பினேன். அன்றைக்கு அப்பாவை ஏதாவது சாக்குச் சொல்லிச் சிறுமலைக்கு அனுப்பிவிட வேண்டும். தாளில் பொய் எழுதுவார். ஆள் எதிரே வந்து நின்றால் அவரால் முடியாது.