பொட்டு வைத்த டாங்கிகள்

செப்டம்பர் 9, 2025

கொழுந்தன் வீரமணி இன்றும் டேப்போடு வந்து என் கொட்டகையை அளந்தான். டிராக்டர் வெயிலில் காய்கிறதாம். அண்ணி காய்ந்தால் பரவாயில்லை போலிருக்கிறது.

மாடுகளை விற்றபின் சும்மா கிடந்த இடம். 3D பிரின்டர் வைத்து, ரெசின் என்ற பிசினில் உள்ளங்கையளவு ராணுவ வண்டிகள் அச்சடித்து, வர்ணம் பூசி விற்கிறேன். வயசான மனிதர்கள் மேசையில் போர் விளையாட வாங்குகிறார்கள். இதை எங்கள் ஊர் ஏம்பலத்தில் ஒருவருக்கும் என்னால் புரியவைக்க முடியவில்லை.

"வெளயாட்டு சாமானுக்கு எதுக்கு அண்ணி ஒரு எடம்?" என்கிறான். என் வீட்டுக்காரர், "அம்மா சொல்றதுதான்" என்று நழுவிவிட்டார். அத்தையோ ரெசின் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவர். தீர்ப்பு தெரிந்த வழக்கு.

செப்டம்பர் 15

பெங்களூருக்காரர் ஒருவர் கண்காட்சிக்கு ஒரு படையே கேட்டிருக்கிறார். டாங்கி, லாரி, ஜீப். இதை முடித்துக் காட்டினால் கொட்டகை மேல் யாரும் கைவைக்க முடியாது. முடியாதுதானே?

செப்டம்பர் 22

அச்சிலிருந்து எடுத்து ஸ்பிரிட்டில் கழுவிய வண்டிகளை, ரெசின் இறுகட்டும் என்று மாடி வெயிலில் வைத்தேன். கொஞ்சம் தள்ளி அத்தையின் மிளகாய். தூறல் விழுந்ததும் அத்தை ஓடினார், மிளகாயை எடுக்க.

செப்டம்பர் 30

வர்ணம் முடிந்தது. வர்ணத்தைக் காக்கும் வார்னிஷ் மட்டும் பாக்கி. பூஜை கழியட்டும்.

அக்டோபர் 1, ஆயுத பூஜை

இந்த வீட்டில் மண்வெட்டி, மோட்டார், அரிவாள்மனை எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டு. போன வருஷம் என் பிரின்டருக்கு மட்டும் இல்லை. நான் கேட்கவில்லை. ஆனால் வலித்தது.

இன்று பொரி வாங்கித் திரும்பினால் கொட்டகையெல்லாம் சாம்பிராணிப் புகை. ஸ்பிரிட் கேனுக்குப் பக்கத்தில் தூபக்கால்! வீடு நிற்பதே சாமி புண்ணியம். பிரின்டருக்கு மாலை. ஒவ்வொரு டாங்கிக்கும் சந்தனம், குங்குமம், அத்தையின் கட்டைவிரல் அகலத்துக்கு. பீரங்கிக் குழல்களில் பாதி முறிந்து கிடந்தன. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டுமே? பழம் டாங்கியைவிட உயரம். அதனால் பழத்தை அறுத்து, வண்டியை அதன்மேல் ஏற்றி உட்காரவைத்திருக்கிறார்.

"இன்னாடி அப்படிப் பாக்கற? நீயும் ஒழைக்கறதான? ஒன் ஆயுதத்துக்கும் வெச்சிட்டேன்."

அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று தலையைத் தடவினார். அதுவும் கொஞ்சம் இருந்தது, பொய் சொல்வானேன்.

அக்டோபர் 3

துடைத்தேன். குங்குமம் போகவில்லை, வர்ணம் போனது. மறுபடி செய்ய நாளில்லை. பெங்களூருக்காரரிடம் உள்ளதைச் சொன்னேன். மரியாதையாக வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். வீட்டில் மூச்சுவிடவில்லை. யாரைக் குற்றம் சொல்ல?

அக்டோபர் 12

வீரமணி டிராக்டரைக் கொட்டகை வாசலுக்கே ஓட்டிவந்துவிட்டான். எனக்கும் தெம்பில்லை, சாமான்களை அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தேன். அத்தை வந்து குறுக்கே நின்றார்.

"பூச போட்ட எடம்டா இது. அவ தொழில் நடக்குது. வண்டிய வெளிய வுடு."

"இன்னாம்மா தொழிலு, பொம்ம—"

"போடா, ஒனக்கு இன்னா தெரியும்."

போய்விட்டான். நான் பெட்டிகளைப் பிரித்தேன். ஆர்டர் இல்லாத தொழிலுக்கு இவ்வளவு பெரிய காவல்.

அக்டோபர் 24

மழை பிடித்துக்கொண்டது. டிராக்டர் தார்ப்பாய்க்குள். அத்தை டீ கொண்டுவந்தார், மூக்கைப் பொத்தாமல்.

"அந்தப் பெங்களூர்க்காரருக்குப் புடிச்சிருந்துச்சா?"

"ரொம்ப, அத்தை. பொட்டு வெச்சதுதான் அழகுன்னாரு."

முறிந்த குழல் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அடுத்த வருசம் அந்தக் குழாய மட்டும் கெட்டியா செய்டி. கை வெச்சா ஒடியுது."

சரி என்றேன். இப்போது அச்சில் இருக்கும் டாங்கிக்கு, வேண்டுமென்றேதான், குழலைக் கொஞ்சம் பருமனாக வைத்திருக்கிறேன்.