கலண்டரில் நீங்கள் எழுதிய எழுத்து

இஞ்சேருங்கோ,

இருந்த காலத்தில் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போதும் வாய் வரவில்லை.

உங்களோடு ஃபாக்டரியில் வேலை செய்த சுமிகோ, தங்கள் ஜப்பானில் வருடம் முடியும்போது அந்த வருடத்துக்கென்று ஒரேயொரு எழுத்தைத் தெரிவு செய்கிறார்கள் என்று சொன்னாள். உடனே உங்களுக்கும் ஆசை. யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த அந்த மார்கழியில், கலண்டரின் கடைசித் தாளில் 'வா' என்று எழுதினீர்கள். வன்னியில் அகப்பட்டிருந்த உங்கள் அம்மா இங்கே எங்களிடம் வந்து சேரவேண்டும் என்று.

அடுத்த மார்கழியில், "இந்த முறை நீர் சொல்லும்" என்றீர்கள். லீவு நாளிலும் ஓவர்டைமுக்கு வெளிக்கிடுகிறீர்களே என்று எனக்குக் கோபம்.

"போ எண்டு எழுதுங்கோ. எப்ப பார்த்தாலும் போறதுதானே!"

சிரித்துக்கொண்டே எழுதிவிட்டுப் போனீர்கள்.

மூன்று கிழமையில் மெஷினடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தீர்கள். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர முதலே முகத்தை மூடிவிட்டிருந்தார்கள். அந்தச் சொல்லை யாரிடம் போய்த் திருப்பி வாங்குவேன்? ஒரு வருடமாக ஒருவருக்கும் சொல்லவில்லை.

போன கிழமை மல்வேர்ன் போகிற பஸ்ஸில் சுமிகோவைக் கண்டேன். நீங்கள் அந்தப் 'போ'வை அவளுக்கும் எழுதிக் காட்டினீர்களாம். நயாகராவுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி மனுசி தந்த எழுத்து என்றீர்களாம். ஜூலைக்கு லீவும் கேட்டிருந்தீர்களாம்.

உண்மையாகவே அப்படித்தான் விளங்கிக்கொண்டீர்களா? இல்லை, என்னை விட்டுக்கொடுக்காமல் சொன்னதா? பஸ் என்றும் பாராமல் அழுதேன்.

நேற்று கவிதா கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தாள். "அம்மா, திஸ் இயர் நான் சூஸ் பண்ணுறன்." அவள் எழுதியது 'ழ'.

"உதுக்கு என்ன கருத்து, பிள்ளை?"

"ஒண்டுமில்லை. சனிக்கிழமை தமிழ்க் கிளாஸில டீச்சர் சொல்லித் தந்தவ. அப்பா இருக்கேக்க எனக்கு வரேல்ல. இப்ப வருது."

நீங்களும் நானும் 'ள' என்று சொல்லியே சமாளித்த எழுத்து. நாக்கை மடித்து, பிசகாமல், நாலைந்து முறை சொன்னாள். கேட்கத்தான் நீங்கள் இல்லை.

இனி ஒவ்வொரு மார்கழியும் அவளே எழுதட்டும். என்ன எழுத்தென்று நான் உங்களுக்கு எழுதி அறிவிப்பேன்.

உங்கள் மனைவி,
கவிதாவின் அம்மா