இடது கை வார்த்தைகள்

மே 5, 2025

காலை டீ நான் போட்டேன். செல்வி குடித்தாள். குறை சொல்லவில்லை என்பதால் நாளை சர்க்கரையைச் சரிபார்க்க வேண்டும்.

பிப்ரவரியில் அவளுக்கு வந்த பக்கவாதம் பேச்சையும் நடையையும் திருப்பித் தந்துவிட்டது. இடது கை மட்டும் மருத்துவ விடுப்பில் இருக்கிறது. பிசியோதெரபி அழகுராஜா இன்று சொன்னார்: "சும்மா பந்தை அமுக்கச் சொன்னா அமுக்க மாட்டாங்க சார். அம்மாவுக்குப் பழகின வேலையாக் குடுங்க."

பழகின வேலை ஒன்றுதான். நாகல் நகர் மாடியில் முப்பத்தோரு வருஷமாக அவள் நடத்தும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். எட்டு மெஷின். மூன்று மாதமாகப் பூட்டு.

மே 6

ஒரு மெஷினை ஆட்டோவில் ஏற்றிவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மே 8

பேகம்பூர் ரஃபியா போன் செய்தாள். இரண்டு குழந்தைகளின் தாய். ஜூனியர் பரீட்சைக்குப் பணம் கட்டியிருக்கிறாள். "டீச்சர், ஆகஸ்ட்ல பரீட்சை. எப்பத் தொறப்பீங்க?"

செல்வி போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்: "ஒத்தக் கையோட போயி உக்காந்து என்னத்தக் காட்டித்தர? இஞ்ஞாசிகிட்டச் சொல்லிட்டேன். ஜூன் கடைசிக்குள்ள கை வரலேன்னா எட்டையும் அவரு எடுத்துக்கிறட்டும்."

இஞ்ஞாசி எங்கள் மெஷின்களைப் பழுது பார்ப்பவர். நத்தத்தில் சொந்தமாகவும் ஒரு இன்ஸ்டிட்யூட் வைத்திருக்கிறார்.

ஜூன் கடைசி. ஏழு வாரம்.

மே 10

வேலை இப்படி: இடது கை தொடும் எழுத்துகளை மட்டும் வைத்து ஆங்கில வார்த்தை தேட வேண்டும். சின்ன வார்த்தைகளாக. வலது கை உதவிக்கு வர முடியாது.

முதலில் ஆட்காட்டி விரல். அதற்கு r, t, f, g, v, b. இரவு ஏழரை வரை தேடினேன். ஒரு வார்த்தையும் இல்லை. அப்புறம்தான் கவனித்தேன், ஆறிலும் ஒரு உயிரெழுத்து கிடையாது. வருவாய்த் துறையில் முப்பது வருஷம் கோப்பு பார்த்தவனுக்கு இது தாமதமே அல்ல.

மே 11

நடுவிரலைச் சேர்த்ததும் e கிடைத்தது. bed, tree, egg, beef, beer. கொழுப்பைக் குறைக்கச் சொன்ன டாக்டருக்குக் காட்ட முடியாத பட்டியல்.

செல்வி சிரித்தாள். சிரித்ததற்காக bed அடித்தாள். மூன்று எழுத்துக்கு நாலு நிமிஷம்.

மே 17

1987 ஞாபகம் வந்தது. டைப்ரைட்டிங் படிக்க நான் சாணார்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்குவேன். அவள் அந்த இன்ஸ்டிட்யூட்டில் சம்பளத்துக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். பன்னிரண்டு மெஷின் ஒன்றாக ஓடினால் தகரக் கூரையில் மழைபோல் இருக்கும். முதல் வாரப் பாடத்தில் sad, dad, fall, lad. சோகமான அப்பா, விழும் பையன். அந்த எழுத்துகளுக்குள் அவ்வளவுதான் வாழ்க்கை.

அடிக்கும்போது மெஷினைப் பார்க்கக் கூடாது என்பது விதி. நான் மெஷினைப் பார்த்ததே இல்லை. மூன்று முறை ஃபெயில்.

மே 26

மோதிர விரலும் அசைகிறது! sweet, dress, street, rest. ஒரு மணி நேரத்தில் நாலும் அடித்தாள். தாளைப் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன், அவளுக்குத் தெரியாமல்.

ஜூன் 3

சுண்டுவிரல் மிச்சம். அதன் பொறுப்பு a. அது இல்லாமல் ஆங்கிலமும் இல்லை.

பட்டியல் போட்டுக்கொண்டே ஒன்று கண்டுபிடித்தேன். joy, moon, milk, you எல்லாம் வலது கைக்கு. tax, fear, waste, beggar எல்லாம் இடது கைக்கு. செல்வியிடம் சொன்னேன். வலது விரல்களை மேஜையில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "tea, bread? அதுவும் இடது கைதான். காலையில திங்கிறீங்கள்ல" என்றாள்.

ஜூன் 12

சுண்டுவிரல் a மேல் போய் உட்காருகிறது. அமுக்கவில்லை. தாளில் w s, w s. நடுவில் வெள்ளை; a வர வேண்டிய இடத்தில் ஸ்பேஸ் பாரைத் தட்டிவிடுகிறாள்.

ஜூன் 19

அதே.

ஜூன் 21

அழகுராஜா என்னைத் தெருமுனைவரை அழைத்துப்போனார். "வந்ததே பெரிசு சார். அந்த வெரலுக்கு இனி ஆசைப்படாதீங்க." தொழிலில் புதியவர், பொய் சொல்லப் பழகவில்லை.

ஒன்பது நாள் இருக்கிறது.

ஜூன் 23

ஒரு காரியம் செய்தேன். அவள் குளிக்கப் போனபோது, காலையில் அடித்த தாளில் விட்டுப்போன a எல்லாவற்றையும் நானே அடித்து வைத்தேன். was, tea, far. "பாத்தியா, லேசா விழுந்திருக்கு. நீதான் கவனிக்கல" என்றேன்.

கண்ணாடி போட்டுப் பார்த்தாள். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.

"சுண்டுவெரல் அடிச்சா இம்புட்டுக் குழி விழாது. இது ஆட்காட்டி வெரலு. குத்துகுத்துன்னு குத்திருக்கீங்க."

தாளை வாங்கக் கையை நீட்டினேன். தரவில்லை.

"எங்கிட்டயே காப்பி அடிக்கிறீங்களோ? இனி இந்த மிஷின் இந்த வீட்டுல இருக்கக் கூடாது."

ஜூன் 24

டீ அப்படியே ஆறிக் கிடந்தது. ஏன் செய்தேன்? அவளுக்காகவா? இஞ்ஞாசி வருகிற நாளைத் தள்ளிப்போட வேண்டும் என்று நினைத்தது நான்தானே — அந்த மாடி பூட்டியே கிடப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. அவளைக் கேட்டேனா?

ஜூன் 25

அதே. மெஷினைத் தூக்க ஆட்டோ சொல்லியிருந்தேன். வரவில்லை.

ஜூன் 26

சாயங்காலம் கூப்பிட்டாள். "இங்க வாங்க. இடப்பக்கம் உக்காருங்க."

உட்கார்ந்தேன்.

"a-வைச் சுண்டுவெரல்ல அடிங்க. சுண்டுவெரல்ல! என்ன, கொசுவா அடிக்கிறீங்க?"

நாற்பது தடவை அடித்த பிறகு தன் வலது கையைக் கொண்டுவந்து மெஷின்மேல் வைத்தாள். "இப்ப the அடிப்போம். t நீங்க, h நான், e நீங்க."

நாலு முறை hte வந்தது. ஐந்தாவது முறை சரியாக வந்தது. மூன்று எழுத்து. இருவரும் அதைச் செத்த நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜூன் 28

காலை, மாலை இரண்டு மணி நேரம். என் இடது தோள் விட்டுப்போயிற்று. "பக்கத்துல இருக்கறவ மூஞ்சியப் பாக்காதீங்க, தாளப் பாருங்க" என்று திட்டு.

ஜூன் 30

இஞ்ஞாசி சின்ன யானை வண்டியோடு வந்துவிட்டார். பூட்டைத் திறந்து மாடியில் நாங்கள் இருவரும் ஒரு மெஷின் முன்னால் இருந்தோம். செல்வி நிறுத்தவில்லை; வரி முடியட்டும் என்று இஞ்ஞாசி காத்திருந்தார்.

"என்ன டீச்சரு, ஒரு மிஷினுக்கு ரெண்டு டிரைவரா?"

"இவரு என் இடது கை. மத்தபடி ஆளு வேண்டாம்னுதான் இருக்கேன்" என்றாள்.

அவர் பையைத் திறந்து மூன்று மெஷினுக்கு எண்ணெய் போட்டுவிட்டு வெறும் வண்டியோடு நத்தம் போனார்.

ஜூலை 6

நாளை திறக்கிறோம் என்று ரஃபியாவுக்குத் தகவல் சொன்னாயிற்று. அவள் மற்ற பதினோரு மாணவர்களுக்கும் சொல்லிவிட்டாளாம்.

ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு செல்வி நகவெட்டியை எடுத்துவந்தாள். என் இடது கையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, வலது கையால் ஐந்து விரலுக்கும் ஒட்ட வெட்டிவிட்டாள். சுண்டுவிரலைத் திருப்பித் திருப்பி இரண்டு முறை பார்த்தாள்.

"சீக்கிரம் படுங்க. மொத பேட்ச் ஆறரைக்கு."